மாணவராகப் போய்க் கேளுங்கள்

பள்ளி முடித்தும் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் தெருவெல்லாம் மதிப்பெண், கட்-ஆஃப், கவுன்சலிங் என்றே பேச்சாக இருக்கும். அந்தப் பேச்சில் உங்களை யாரும் சேர்ப்பதில்லை. நீங்கள் ஓரிரு வருடங்களுக்கு முன்பே முடித்தவர்கள். அப்போது கையில் பணம் இல்லாமல் போயிருக்கும், அப்பா படுத்திருப்பார், அக்கா கல்யாணக் கடன் கழுத்தை நெரித்திருக்கும், அல்லது ஒரு பாடத்தில் தவறியிருப்பீர்கள். அதன் பிறகு துணிக்கடை, கூரியர், பனியன் கம்பெனி என்று இங்கே கொஞ்ச நாள், அங்கே கொஞ்ச நாள். இப்போது அதுவும் இல்லை. "என்னப்பா பண்றே?" என்று யாராவது கேட்டால் "டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாலை வேளைகளில் உட்கார்ந்து உதவித்தொகை விண்ணப்பங்கள் நிரப்பித் தருவது என் வழக்கம். வருகிறவர்களில் பலரும் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, வேலை இல்லாதவங்களுக்கு கவர்மெண்ட் பணம் தருதாமே, அதுக்கு எப்படி அப்ளை பண்றது?" தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பணத்தையே நம்பி உட்கார்ந்துவிட்டால் அதைவிடப் பெரிய ஒன்றை விட்டுவிடுவீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான தமிழ்நாடு அரசின் உதவித்தொகையை முதலில் பார்ப்போம். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், பதிவை விடாமல் புதுப்பித்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45-க்குள், மற்றவர்களுக்கு 40-க்குள். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விதிகள் தாராளம்: பதிந்து ஓராண்டு ஆனால் போதும், தொகை 600 முதல் 1,000 வரை, பத்து ஆண்டுகள் கிடைக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தப் பணம் வாங்குகிறவர் பள்ளியிலோ கல்லூரியிலோ முழுநேரமாகப் படிக்கக் கூடாது. தொலைநிலைக் கல்வி என்றால் தடையில்லை. அதாவது படிக்காமல் வீட்டில் இருப்பதற்குத்தான் மாதம் 400 ரூபாய். மூன்று ஆண்டு முழுக்க வாங்கினாலும் கூட்டினால் 14,400. வறுமையில் இருக்கும் வீட்டுக்கு அதுவும் பணம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது, இருபது வயதில் இருக்கும் ஒருவர் இந்த ஐந்தாண்டு மூப்புக்காகக் காத்திருப்பது என் கணக்கில் பெரிய நஷ்டம்.

அப்படிக் காத்திருப்பவர் ஒரு பெண், ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவள், பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் என்றால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் சேரும். வீட்டிலிருந்து போய் வருகிறவருக்கு ஆண்டுக்கு 3,000, விடுதியில் தங்குகிறவருக்கு 6,000. கட்டாயக் கட்டணங்களுக்கான தொகை தனியாக வரும். புதுமைப்பெண் தொகை மற்ற உதவித்தொகைகளுக்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது, ஒன்றை வாங்கினால் மற்றொன்று போய்விடாது. வீட்டில் இருந்தபடி மூன்று வருடத்தில் வாங்கக்கூடிய தொகையைவிட, கல்லூரிக்குப் போய் வந்தால் ஒரே வருடத்தில் அதிகம் கைக்கு வரும். கையில் ஒரு பட்டமும் இருக்கும்.

ஆகவே அரசிடம் வேலையில்லாதவராகப் போய் நிற்பதைவிட மாணவராகப் போய் நில்லுங்கள். இந்த நாட்டில் வேலையின்மைக்கு ஒதுக்கிய பணம் மிகக் கொஞ்சம். படிப்புக்கு ஒதுக்கிய பணம் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் படிப்புப் பணம் எதுவும் சேர்க்கைக்கு முன்னால் வராது. முதலில் ஓர் இடம், ஒரு சேர்க்கை எண். அதன் பிறகுதான் விண்ணப்பமே திறக்கும். பணம் உறுதியானால் சேரலாம் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். நீங்கள் சேர்ந்தால் தரலாம் என்று பணம் காத்திருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்க முதல் அடி உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

"இனிமேல் போய்ப் படிக்க வயசு ஆயிடுச்சு" என்கிறவர்களுக்கு முதலில் ஐ.டி.ஐ. பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் சேர ஆண்களுக்கு வயது 14 முதல் 40 வரை. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. எட்டாம் வகுப்பு முடித்தவருக்கும் பிரிவுகள் உண்டு, பத்தாம் வகுப்பு முடித்தவருக்கும் உண்டு. பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, மிதிவண்டி, பாடநூல், சீருடை, காலணி, பேருந்துப் பயண அட்டை. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கான புதுமைப்பெண், ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் ஐ.டி.ஐ.யிலும் பொருந்தும், எனவே 750-உடன் 1,000 சேரும்.

ஐ.டி.ஐ. என்றால் துருப்பிடித்த லேத்து இயந்திரமும் ஓட்டுக் கொட்டகையும் என்றுதான் பலர் மனதில் படம் இருக்கிறது. ஆனால் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, 2,877 கோடி ரூபாய்க்கு மேலான திட்டத்தில், ரோபோ இயக்கம், சிஎன்சி, மின்வாகனப் பராமரிப்பு போன்ற பிரிவுகளோடு மாற்றியமைத்திருக்கிறார்கள். பி.ஏ. முடித்துவிட்டு நான்கு வருடம் ஜவுளிக்கடையில் நின்றவர் ஐ.டி.ஐ.க்குப் போவது கீழிறங்குவது அல்ல. ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தால், ஊர் இப்போதும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

பட்டதாரிகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வேலை கிடைக்கவில்லை என்பதால் பி.ஏ. முடித்தவர் மறுபடியும் பி.எஸ்சி.யிலோ பி.காமிலோ சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் தொகை கிடைக்காது. ஒரே நிலையில் இரண்டாவது படிப்புக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ஒரு தொழிற்படிப்பை முடித்துவிட்டு வேறொரு தொழிற்படிப்புக்குப் போனாலும் அதே தடைதான். மேலே போனால் உண்டு. பி.ஏ.விலிருந்து எம்.ஏ.வுக்குப் போகலாம். இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, ஒரு வருடம் ஓடிய பிறகு விண்ணப்பம் தள்ளுபடியாகி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். சேருவதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் எழுத்தரிடம் இதை ஒரு வார்த்தை கேளுங்கள். இடையில் சில வருடம் விட்டவர்கள் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் தொகைக்குத் தகுதி உண்டா என்பதையும், படிப்புக்கான வயது வரம்பையும் அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டை வைத்துக்கொண்டு அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் பிரிவுகளில் வருகிறவர்களுக்கு, அரசுக் கல்லூரியிலும் அரசு உதவிபெறும் கல்லூரியிலும் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் படிக்கும்போது கல்விக் கட்டண உதவிக்கு வருமான வரம்பே இல்லை. பாலிடெக்னிக், முதுநிலை, தொழிற்படிப்பு என்றால் இரண்டரை லட்சம் வரம்பு. வீட்டில் யாருமே பட்டம் வாங்கியதில்லை என்றால் முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. 2010-11 கல்வியாண்டில் வந்த திட்டம் அது. சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருகிற தொழிற்படிப்புக்கு மட்டும்தான். நேரடியாகக் கல்லூரிக்குப் போய் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தச் சான்றிதழை நீட்டினால் பயனில்லை. புரோக்கர் சொல்லைக் கேட்டு அப்படிச் சேர்ந்து, கிடைக்க வேண்டிய சலுகையை ஒரே கையெழுத்தில் இழப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

இனி வெட்கம் பற்றி. இதை நான் பேசாமல் போக முடியாது. விண்ணப்பம் நிரப்பும்போது "பெற்றோர் தொழில்", "ஆண்டு வருமானம்" என்ற கட்டங்கள் வந்ததும் குரல் தாழ்ந்துவிடுகிறது. கூலி என்று எழுதக் கை வருவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் முன்னால் போய் வருமானம் இவ்வளவுதான் என்று சொல்ல அப்பாவைக் கூட்டிப் போக மனம் வருவதில்லை. சிலர் அந்த ஒரு காரணத்தாலேயே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். பீமராவ் அம்பேத்கர் 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில்தான். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. திரும்பி வந்து சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பணம் இல்லாமல் அந்தப் படிப்பு இல்லை. பிறகு அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானபோது, ஒடுக்கப்பட்ட மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தி 1942-இல் கோரிக்கை மனு கொடுத்தார். இன்று நாம் போஸ்ட் மெட்ரிக் என்று சொல்கிற உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. உதவித்தொகையில் படித்த ஒருவர், தன் பின்னால் வருகிறவர்களுக்காகத் திறந்துவிட்ட வாசல் அது. அந்த வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நுழைய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கூலி என்று தெளிவாக எழுதுங்கள். அது அப்பாவின் உழைப்பு.

தங்கைகளுக்கு இன்னொன்று. புதுமைப்பெண் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர் வைத்திருக்கிறார்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் அவர். முன்பு அவர் பெயரில் இருந்தது திருமண நிதியுதவித் திட்டம், தாலிக்குத் தங்கம் தந்த திட்டம். 2022-இல் அதை உயர்கல்வித் திட்டமாக மாற்றி, அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கினார்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு என்று இருந்த அரசுப் பணம் பெண்ணின் படிப்புக்கு என்று திரும்பியது. வீட்டில் இன்னும் திரும்பாமல் இருக்கலாம். "கல்யாணத்துக்குச் சேர்க்கவே வழியில்ல, காலேஜா?" என்று கேட்கிற அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள். கல்யாணம் ஆன தங்கைகளும் ஒதுங்க வேண்டாம். பெற்றோர் வருமானத்துக்குப் பதிலாகக் கணவர் வருமானத்தை வைத்து விண்ணப்பிக்க போஸ்ட் மெட்ரிக் விதிகளில் வழி இருந்துவருகிறது.

அண்ணன் சென்னையில் சம்பாதிக்கிறான், அதனால் வருமானம் தாண்டிவிடும் என்று பயப்படுகிறவர்களும் கேளுங்கள். பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பார்ப்பது பெற்றோர் வருமானத்தை. உடன்பிறந்தவர் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை.

இப்போது காகிதங்களுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் தகுதி இல்லாமல் உதவித்தொகை இழந்தவர்களைவிட, தகுதி இருந்தும் காகிதத்தால் இழந்தவர்கள் அதிகம். சாதிச் சான்றிதழ் பெரும்பாலும் பள்ளியிலேயே வாங்கியிருப்பீர்கள். வருமானச் சான்றிதழ்தான் சிக்கல். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மேசை மேசையாக நகரும். ஜூன், ஜூலையில் ஊரே அந்த மேசைகளில் குவிந்துவிடும். ஏப்ரலிலேயே போட்டால் நிதானமாகக் கைக்கு வரும். நீங்கள் வீட்டில் இருப்பவர்கள், உங்களிடம் நேரம் இருக்கிறது. பிளஸ் டூ எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் அந்த நேரம் இல்லை.

பெயர் பொருத்தம் இன்னொரு தொல்லை, அதிலும் நம் தமிழ்ப் பெயர்களுக்கு. மாற்றுச் சான்றிதழில் தமிழில் இனிஷியல், ஆதாரில் ஆங்கில இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக, குடும்ப அட்டையில் இனிஷியலே இல்லை. லட்சுமியை ஆங்கிலத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கும். கணினிக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். பிறகு வங்கியில் திருத்துங்கள். ஆதாரில் உள்ள கைபேசி எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று வருடம் முன்பு தூக்கிப் போட்ட சிம்முக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருந்தால் எந்த இணையதளமும் திறக்காது. மாற்றுச் சான்றிதழில் எமிஸ் எனப்படும் மாணவர் அடையாள எண் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படித்த பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். உயர்கல்வி உதவித்தொகைகளுக்கான யூமிஸ் தளத்தில் அது தேவைப்படும்.

வங்கிக் கணக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வழிதவறிப் போவது இங்கேதான். "ஆதார் லிங்க் பண்ணிட்டேன் அண்ணா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் ஆதார் எண் வழியாக வந்து சேருவதற்காக, தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பதிவேட்டில் உங்கள் ஆதாரை ஒரு வங்கியோடு இணைப்பது வேறொன்று. அதைத்தான் வங்கியில் ஆதார் சீடிங் என்கிறார்கள். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கியில் அந்த இணைப்பு நடந்ததோ அங்கேதான் பணம் போகும். பனியன் கம்பெனியில் சேர்ந்தபோது சம்பளத்துக்காக ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்திருப்பார்கள், வேலையை விட்டதும் அதை மறந்திருப்பீர்கள். உதவித்தொகை அந்தக் கணக்கில் போய் விழுந்து கிடக்கும், நீங்கள் இங்கே பாஸ்புக்கை வரவு போட்டுப் பார்த்துவிட்டு அரசைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்க வசதி இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. எந்த வங்கி என்று அதிலேயே தெரியும். இரண்டு ஆண்டுகள் நீங்கள் எதுவும் போடாமலும் எடுக்காமலும் இருந்த கணக்கை வங்கி செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடும். அதையும் கிளைக்குப் போய் உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள். வங்கி தூரம் என்றால் அஞ்சல் துறையின் வங்கிக் கணக்கைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து தொடங்கித் தருவார்.

கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கட்டும். போஸ்ட் மெட்ரிக் பணத்தில் கல்லூரிக் கட்டணத்துக்கான பங்கும் உங்கள் கணக்கிலேயே வந்து விழக்கூடும். அது உங்கள் வழியாகக் கல்லூரிக்குப் போக வேண்டிய பணம். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது வீட்டில் அதைக் கேட்பார்கள், எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டால் தேர்வு நுழைவுச் சீட்டு வாங்கும் நாளில் நீங்கள்தான் தவிக்க வேண்டும்.

ஓ.டி.பி. எண்ணைத் தொலைபேசியில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள். உதவித்தொகை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பணம் தாமதமாகத்தான் வரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போஸ்ட் மெட்ரிக் செலவில் 60 சதவீதம் மத்திய அரசும் 40 சதவீதம் மாநில அரசும் ஏற்கின்றன. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவு அது. மாநிலம் தன் பங்கைப் போட்டு, விவரங்களைச் சரிபார்த்து அனுப்பிய பிறகுதான் மத்தியப் பங்கு வரும். எனவே முதல் சில மாதங்களை நீங்கள் வேறு வழியில் தாண்ட வேண்டும். கல்விக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டாமலே பட்டியல் சாதி மாணவர் சேர, ஃப்ரீஷிப் கார்டு என்று ஓர் ஏற்பாட்டை மத்திய விதிமுறைகள் சொல்கின்றன. சேரப் போகும் கல்லூரியில் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் கல்லூரி மாணவர் விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். வகுப்பு தொடங்கிய உடனே விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அரசுக் கல்லூரியை நான் முதலில் சொல்வதற்குக் காரணமும் இதுதான். அங்கே கட்டணம் மிகக் குறைவு என்பதால் உதவித்தொகை நான்கு மாதம் தள்ளிப் போனாலும் படிப்பு நின்றுவிடாது.

வீட்டுச் சூழ்நிலை முழுநேரம் படிக்கவே விடாது என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் பட்டத்தைத் தொடருங்கள். மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் அங்கே பொருந்தாது. ஆனால் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்குத் தகுதி போகாது, படித்துக்கொண்டே அதை வாங்கலாம். போட்டித் தேர்வுக்கு உண்மையாகவே படிக்கிறவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புக்குப் போங்கள். ஐ.ஏ.எஸ். கனவு உள்ள பட்டதாரிகளுக்கு 'நான் முதல்வன்' திட்டத்தில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு 2023-இல் தொடங்கியது. அதில் தேர்வாகும் ஆயிரம் பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகப் பத்து மாதம் மாதந்தோறும் 7,500 ரூபாயும், முதல்நிலையில் வென்றவர்களுக்கு 25,000 ரூபாயும் என்பது ஏற்பாடு. ஆயிரம் இடங்கள் என்பது குறைவு, அதை மட்டும் நம்பியிருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதிப் பார்க்காமல் விடுவதற்கும் காரணம் இல்லை.

விண்ணப்பம் தள்ளுபடியானால் அன்றே அழுது முடித்துவிட்டு மறுநாள் காரணத்தைக் கேளுங்கள். பாதிக்கு மேல் திருத்தக்கூடிய காரணங்களாகத்தான் இருக்கும்: மங்கலான நகல், காலாவதியான வருமானச் சான்று, கல்லூரி தன் பங்குக்கு ஒப்புதல் கொடுக்காமல் விட்டது. கல்லூரியில் பதில் கிடைக்காவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது. திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் தருவார்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கல்லூரியிலேயே பொறுப்பான பேராசிரியர் ஒருவர் இருந்தால் இவை எதுவும் தேவைப்படாது. அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரைக் கண்டுபிடியுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டாம். உங்கள் தெருவிலேயே உங்களைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குள் இருப்பீர்கள். சேர்ந்து இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஒருவருக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி இன்னொருவருக்குத் தோன்றும். கணினி தெரியாத அக்கா ஒருவர் கூட இருந்தால் அவருக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். கிளை நூலகத்தில் என்னைப் போல யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் படித்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் போங்கள். படிப்பைத் தொடர நினைத்துத் திரும்பி வருகிற பழைய மாணவரை எந்த ஆசிரியரும் துரத்திவிட மாட்டார்.

இந்த வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். குடும்ப அட்டை, உங்கள் ஆதார், அப்பாவின் ஆதார், புகைப்படம், 60 ரூபாய். இவற்றோடு பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வாருங்கள். சேர்க்கைக் கையேடு வெளிவரும் நாளில் அந்தச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்